முன்பதிவு செய்த மின்னூல் எப்போது வரும் என்று தெரியாதபோது பணத்தை எப்படி ஒதுக்கி வைப்பது?

லோயர்கேம்ப் வாசகி

எல்லோருக்கும் வணக்கம். குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு லோயர்கேம்ப். சம்பளம் வாரச் சம்பளம், சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். காய் பறிப்பு நடக்கும் மாதங்களில் கூடுதல் நேரம் இருந்தால் அதற்குத் தனியாகக் கொடுப்பார்கள். மாசி, பங்குனி, சித்திரையில் அது கிடையாது. ஓணத்துக்கு ஒரு போனஸ் உண்டு. இதற்குள்தான் என் புத்தகச் செலவு.

பக்கத்து ஊரான கம்பத்தில் புதிய ஆங்கிலப் புத்தகம் கிடைப்பது அபூர்வம். கூரியர் செலவு சேர்த்தால் விலை எங்கேயோ போய்விடுகிறது. அதனால் போனில்தான் படிக்கிறேன். பஸ் மலை ஏறும்போது சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். காலையிலேயே வீட்டில் இறக்கி வைத்துக்கொண்டால் குமுளி போய்ச் சேர்வதற்குள் ஒரு அத்தியாயம் முடிந்துவிடும். அந்த நேரம்தான் எனக்கே எனக்கான நேரம். அதனால் இதைச் சின்ன விஷயமாக நினைக்க முடியவில்லை.

இப்போது முன்பதிவில் இருப்பவை இவை. ஒரு ஆங்கிலத் துப்பறியும் தொடரின் நாலாம் பாகம், 399 ரூபாய். முதலில் மார்ச் என்றார்கள், பிறகு செப்டம்பர், இப்போது டிசம்பர் 31 என்று காட்டுகிறது. திருவிதாங்கூர் வரலாறு பற்றி ஒரு ஆங்கில நூல், 649, அக்டோபர். ஒரு மலையாள நாவல், 180, நவம்பர் (இந்தத் தேதி மட்டும் இன்னும் அசையவில்லை). ஒரு தமிழ்க் கட்டுரைத் தொகுப்பு, 150, புத்தகக் கண்காட்சியை ஒட்டி வரும் என்று மட்டும் போட்டிருக்கிறது. கடைசியாக, ஒரு அமெரிக்க எழுத்தாளர் தன் சொந்த இணையக் கடையில் விற்கும் குறுநாவல், 9.99 டாலர், வெளியாகும்போதுதான் பணம். அதற்குத் தேதியே இல்லை, 'விரைவில்' என்று இருக்கிறது.

ஜூன் மாதம் நடந்ததைச் சொல்கிறேன். வேறு வேறு மாதங்களில் வர வேண்டிய இரண்டு புத்தகங்கள் தேதி மாறி ஒரே வாரத்தில் வந்தன. பள்ளிக்கூடம் திறந்த வாரம் அது. பையனுக்கு நோட்டு, யூனிபார்ம், வேன் காசு எல்லாம் அந்தக் கணக்கிலிருந்துதான் போனது. இரண்டாவது புத்தகத்துக்குப் பணம் போதாமல் கார்டு நின்றுவிட்டது. மளிகைக்கு வைத்திருந்ததை எடுத்துப் போட்டுத்தான் வாங்கினேன்.

மாதம் 500 ரூபாய் ஒதுக்க முடியும். விலையை மாதங்களால் வகுத்துச் சேர்த்துப் பார்த்தேன். தேதி முன்னே வந்தால் பணம் பத்தவில்லை. பின்னே போனால் பணம் சும்மா கிடக்கிறது, சும்மா கிடக்கும் பணத்தை வீடு சும்மா விடாது. கேஸ் சிலிண்டர் வந்துவிடும். தேதி தெரியாத செலவுக்கு எப்படித் திட்டம் போடுகிறீர்கள்? பணத்தை எங்கே வைக்கிறீர்கள்?

இன்னொன்று. அச்சு நூலும் மின்னூலும் சேர்த்து முன்வெளியீட்டுத் திட்டத்தில் ஒரு பதிப்பகத்துக்கு 350 ரூபாய் கட்டி நாளாகிறது. கேட்டால் பதில் இல்லை. அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

செங்கோட்டைக் கூட்டுறவு

தங்கச்சி, நான் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறவன். நானும் மின்னூல்தான் படிக்கிறேன். உங்கள் கேள்வியில் ஒரு இடத்தை மாற்றிப் போட்டால் பாதி சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

புத்தகம் வரும் தேதி உங்கள் கையில் இல்லை. ஆர்டர் போடும் தேதி உங்கள் கையில் இருக்கிறது. பட்ஜெட்டை அந்தத் தேதியில் கட்டுங்கள். அதாவது முன்பதிவு பொத்தானை அழுத்துகிற வாரமே அதன் முழு விலையும் தனியாகப் போய்விட வேண்டும். புத்தகம் அடுத்த வாரம் வந்தாலும் சரி, அடுத்த வருடம் வந்தாலும் சரி, உங்களுக்கு அது ஏற்கெனவே செலவான பணம். மாதங்களால் வகுக்கும் கணக்கு வரவே வராது, ஏனென்றால் வகுக்கும் எண்ணையே வேறு யாரோ மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

முழு விலையை வைத்தால் போதுமா என்றால், ரூபாய் விலை உள்ள புத்தகத்துக்குப் போதும். அமேசானின் கிண்டில், கூகுள் பிளே புக்ஸ் ஆகிய மின்னூல் கடைகளில் முன்பதிவுக்குப் பணம் வெளியாகும்போதுதான் எடுக்கிறார்கள். கிண்டில் பக்கத்தில் முன்பதிவு விலை உறுதி என்று போட்டிருந்தால், ஆர்டர் போட்ட நாளிலிருந்து வெளியாகும் நாள் வரை இருந்த மிகக் குறைந்த விலைதான் உங்களுக்கு. உங்கள் 399 ஏறாது, இறங்கலாம். இறங்கினால் மிச்சம் அடுத்த புத்தகத்துக்கு.

டாலர் புத்தகம் வேறு கதை. டாலர் 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9.99க்கு 879 வருகிறது. பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம் வரை போடுவார்கள், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஏறக்குறைய 915. புத்தகம் வரும் நாளில் டாலர் என்ன விலையோ அதுதான் கணக்கு, அதனால் நான் 1000 வைப்பேன். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி புதிதாகத் தரும் கார்டில் அது மூடித்தான் வரும், நாம்தான் வங்கி ஆப்பில் திறக்க வேண்டும்.

உங்கள் பட்டியலைக் கூட்டினேன். 399, 649, 180, 150 சேர்ந்து 1378. டாலர் புத்தகத்துக்கு 1000. மொத்தம் 2378 ரூபாய். ஐந்தும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தாலும் உங்களுக்கு ஆகக்கூடிய அதிகபட்சச் செலவு அவ்வளவுதான். அந்த எண் கண் முன்னால் இருந்தால் பயம் போய்விடும். ஓணம் போனஸிலிருந்து 2378ஐ மொத்தமாக எடுத்துப் போடுங்கள். அதன் பிறகு நீங்கள் சொன்ன மாதம் 500, அதாவது வாரா வாரம் 125 ரூபாய், புதிய ஆர்டர்களுக்கு. 125 சேர்ந்திருக்கும்போது 400 ரூபாய்ப் புத்தகத்துக்கு ஆர்டர் போடக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு.

எங்கே வைப்பது? நம் வீட்டுப் பெண்கள் அடுக்குப்பானையில் போட்டு வைத்த சிறுவாட்டுப் பணம் மாதிரி இது. கண்ணில் படாத இடத்தில் இருந்தால்தான் இருக்கும். வீட்டுச் செலவு போகிற கணக்கில் வைத்தால் நிச்சயம் நிற்காது. இன்னொரு சேமிப்புக் கணக்கு திறங்கள். பல பொதுத்துறை வங்கிகளில் இப்போது குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் போடுவதில்லை. ஆனால் டெபிட் கார்டுக்கு வருடக் கட்டணம் எவ்வளவு, எஸ்எம்எஸ் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு திறங்கள். 2000 ரூபாய் இருக்கும் கணக்கில் அந்தக் கட்டணமே ஒரு புத்தகத்தின் விலையைத் தின்றுவிடும். அந்தக் கணக்கின் கார்டை மட்டும் புத்தகக் கடையில் பதிந்து வையுங்கள். யுபிஐ ஆப்பில் அந்தக் கணக்கை இணைக்காதீர்கள். இணைத்தால் டீக்கடை வரைக்கும் போய்விடும்.

கிஃப்ட் கார்டாக வாங்கி வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். கிஃப்ட் கார்டுக்குக் குறைந்தது ஒரு வருடம் செல்லுபடி இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பெரும்பாலும் அந்த ஒரு வருடத்தோடு முடிந்துவிடுகிறது. நாலாம் பாகம் அதற்குள் வரும் என்று யார் உத்தரவாதம் தருவது? திரும்பக் காசாகவும் மாற்ற முடியாது.

கடைசியாக ஒன்று. பணம் இருந்தும் கார்டு நிற்கலாம். நம் நாட்டுக் கார்டுகளில் இணையத்தில் பணம் எடுக்க ஓடிபி போன்ற இரண்டாவது உறுதி தேவை. நள்ளிரவில் கடை தானாகப் பணம் எடுக்கப் பார்க்கும்போது நீங்கள் தூக்கத்தில் இருப்பீர்கள். எனக்கு ஒரு கடையில் அப்படித்தான் நின்றது. மறுபடி பணம் செலுத்தச் சொல்லி மெயில் வந்தது, செலுத்தினேன், புத்தகம் வந்தது. ஆகவே தேதி நெருங்கும் வாரத்தில் மெயிலைப் பாருங்கள். விலாசம், கார்டு காலாவதி எல்லாம் சரியா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை மொழிபெயர்ப்பு

நான் மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன், பாலக்காடு பக்கம். தேதி ஏன் நகர்கிறது என்று கொஞ்சம் சொன்னால், எந்தத் தேதியை எவ்வளவு நம்பலாம் என்று அக்காவுக்கே தெரிந்துவிடும்.

டிசம்பர் 31 என்று பார்த்தாலே அதைத் தேதியாக எடுக்காதீர்கள். பல கடைகளின் படிவத்தில் தேதிக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. இன்னும் முடிவாகாத புத்தகத்துக்குப் பதிப்பகத்தார் வருடக் கடைசியைப் போட்டு வைப்பார்கள். மாதத்தின் கடைசி நாள் போட்டிருந்தாலும் பல நேரம் இதே கதைதான். வாரத்தின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை என்று இருந்தால், அதுவும் அமெரிக்கப் பதிப்பகமாக இருந்தால், நிஜத் தேதியாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே புதுப் புத்தகம் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைதான் வெளியாகும்.

எழுத்தாளரே நேரடியாக கிண்டிலில் போடும் புத்தகத்துக்கு வேறு விதி. ஒரு வருடம் முன்பே முன்பதிவு வைக்கலாம். வெளியாவதற்கு 72 மணி நேரத்துக்கு முன் இறுதிக் கோப்பை ஏற்றியாக வேண்டும். முன்பதிவை ரத்து செய்துவிட்டால் ஒரு வருடத்துக்கு அந்த வசதியே கிடையாது. அந்தப் பயம் இருப்பதால் இவர்கள் போடும் தேதி கிட்டத்தட்ட நிற்கும். உங்கள் நாவல்களில் அப்படி ஏதாவது இருந்தால் அதற்கான பணத்தைத் தொடவே தொடாதீர்கள்.

தமிழ்ப் புத்தகத்துக்குப் புத்தகக் கண்காட்சி என்றால் சென்னைக் கண்காட்சி, பொங்கலை ஒட்டி. 1977லிருந்து நடக்கிறது. எல்லாப் பதிப்பகமும் அதையே குறி வைப்பதால் டிசம்பரில் அச்சகத்தில் இடம் கிடைக்காது, பிழை திருத்துபவர் கிடைக்கமாட்டார், அட்டை வரைபவர் போனை எடுக்கமாட்டார். முதலில் அச்சுப் புத்தகம் அரங்குக்குப் போக வேண்டும் என்றுதான் ஓடுவார்கள். மின்னூல் அதற்குப் பிறகு, ஆற அமர. உங்கள் 150 ரூபாய்த் தொகுப்பை ஜனவரிக்கு என்று எழுதாமல் மாசிக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பில் இன்னும் ஒரு முடிச்சு உண்டு. மூல ஆசிரியரிடம் அச்சு உரிமை வாங்கியிருப்பார்கள், மின்னூல் உரிமை அந்த ஒப்பந்தத்தில் இருக்காது. புத்தகம் முடிந்து, அட்டை முடிந்து, அந்த ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் நிற்கும். நான் வேலை பார்த்த ஒரு நாவல் அப்படி நின்றது. காத்திருந்த வாசகர்கள் கேட்கும்போது எனக்குச் சொல்லப் பதில் இல்லை, மனது கஷ்டப்பட்டது.

அதனால் ஒரு வேண்டுகோள். தேதி தள்ளிப்போனது என்பதற்காக மட்டும் ரத்து செய்யாதீர்கள். கிண்டிலில் முன்பதிவுகள் வெளியாகும் முன்பே விற்பனைத் தரவரிசையில் கணக்காகின்றன. சின்ன எழுத்தாளருக்கு அது பெரிய தைரியம்.

நகரி சாலை

அக்கா, எனக்குச் செங்கோட்டை அண்ணன் சொன்னதில் ஒரு இடம் மட்டும் ஒத்துவரவில்லை. தேதியே இல்லாத புத்தகத்துக்கு 1000 ரூபாயை ஏன் கட்டிப்போட வேண்டும்? வாரச் சம்பளக்காரருக்கு 1000 ரூபாய் பெரிய பணம். நான் சித்தூர் பக்கம் ஒரு தறிப்பட்டறையில் வேலை பார்க்கிறேன், எனக்கும் வாரச் சம்பளம்தான். என் வழக்கம், பட்டியலில் இருக்கும் மிக விலை கூடிய இரண்டு புத்தகங்களின் விலை எப்போதும் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாப் புத்தகமும் ஒரே வாரத்தில் வருவதை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒன்று வந்துபோனதும் குறைந்ததை மறுபடி நிரப்புவேன். அதுவரை புதிய ஆர்டர் இல்லை.

அப்புறம், கிண்டில், கூகுள் முன்பதிவு எதையும் வெளியாவதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், ஒரு பைசா போகாது. கஷ்டமான மாதத்தில் அதுதான் நமக்குப் பிடிமானம். மொழிபெயர்ப்பு ஐயா சொல்வது நியாயம்தான், ஆனால் பையனின் வேன் காசுக்கு அப்புறம்தான் தரவரிசை.

அச்சுப் பதிப்பின் விலையையும் ஒரு தடவை பாருங்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. மின்னூலுக்கு உண்டு. அச்சிலும் வந்த நூலின் மின்பதிப்பு என்றால் 2018 ஜூலையில் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். 649 ரூபாய் வரலாற்று நூல் மாதிரிப் புத்தகங்களில் கொஞ்ச நாள் பொறுத்தால் காகித அட்டைப் பதிப்பு மின்னூலை விடக் குறைவாகக் கிடைப்பதுண்டு. அதைத் தங்கச்சிக்கோ தம்பிக்கோ படிக்கக் கொடுக்கலாம். கிண்டிலில் வாங்கியதை அப்படிக் கொடுக்க முடியாது. 2025 பிப்ரவரியிலிருந்து கம்ப்யூட்டரில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வசதியையும் எடுத்துவிட்டார்கள்.

350 ரூபாய் விஷயத்தில் சும்மா இருக்காதீர்கள். பணம் கட்டிய ரசீது, அவர்கள் விளம்பரத்தில் போட்டிருந்த தேதி இரண்டையும் சேர்த்து, இத்தனாம் தேதிக்குள் நூல் அல்லது பணம் என்று மெயில் போடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

லோயர்கேம்ப் வாசகி

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. செங்கோட்டை அண்ணாச்சி சொன்ன 2378 என்ற எண்ணை நோட்டில் எழுதிப் பார்த்தேன். இதுவரை ஐந்து தனித்தனிக் கவலையாக இருந்தது ஒரு தொகையாக மாறியது பெரிய நிம்மதி.

நகரி தம்பி சொன்னதையும் யோசித்தேன். எங்கள் கடையில் விவசாயிக்கு ஏலத்தில் விற்ற பணம் வந்து சேரச் சில நாள் ஆகும். வர வேண்டிய பணத்தைத் தனிப் பக்கத்தில்தான் எழுதுவோம், கையிருப்பில் சேர்க்கமாட்டோம். அதே மாதிரி பட்டியலை இரண்டு பக்கமாகப் பிரித்துவிட்டேன். உண்மையான தேதி உள்ள வரலாற்று நூலும் மலையாள நாவலும் ஒரு பக்கம், அந்த 829 ரூபாய் முழுவதும் முதலில் தனிக் கணக்குக்குப் போகிறது. மற்ற மூன்றும் இன்னொரு பக்கம். ஓணம் போனஸ் வந்ததும் அவற்றுக்கு.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். நாலாம் பாகம் மறுபடியும் தள்ளிப்போனால் அந்த 399ஐ எடுத்து வேறு புத்தகம் வாங்கலாமா? ஆர்டரை ரத்து செய்ய மனசு இல்லை. மூன்று பாகம் படித்துவிட்டேன், அந்தப் பெண் துப்பறிவாளருக்கு என்ன ஆனது என்று தெரிந்தே ஆக வேண்டும்.

செங்கோட்டைக் கூட்டுறவு

எடுக்கலாம் தங்கச்சி, ஒரு நிபந்தனையோடு. புதிய தேதி அறிவிக்கும்போது அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் என்றால் 399ஐ எடுத்து வேறு புத்தகம் வாங்குங்கள், ஆர்டர் அப்படியே இருக்கட்டும். எடுத்த வாரத்திலிருந்தே திரும்பக் கட்டத் தொடங்கிவிடுங்கள். வாரம் 125 என்றால் நாலு வாரத்துக்குள் 399 சேர்ந்துவிடும், அதற்குள் புத்தகம் வராது. மூன்று மாதத்துக்குள் என்றால் தொடாதீர்கள்.

தேதி தள்ளிப்போனால் கடையிலிருந்து மெயில் வரும். முன்னே வந்தால் சில நேரம் வராது. அதனால் மாதம் ஒரு தடவை, சம்பளக் கணக்கு எழுதும் அதே சனிக்கிழமையில், கடையின் ஆர்டர் பக்கத்தைத் திறந்து தேதிகளை நோட்டில் திருத்திக்கொள்ளுங்கள். பழைய தேதியை அழிக்காமல் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் புதியதை எழுதுங்கள். இரண்டு வருடம் போனால் எந்தப் பதிப்பகம் சொன்ன தேதியில் தருகிறது, எது இழுக்கிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

டாலர் புத்தகத்தின் எழுத்தாளருக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள். சொந்தக் கடை வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் பதில் எழுதுவார்கள். தேதி கிடைத்தால் முதல் பக்கத்துக்கு மாற்றிவிடலாம்.